கிளிநொச்சியில் மலை எங்கே இருக்கிறது?

தை மாதம் தொடங்கி சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் படம் கீறுகிற வகுப்பொன்று நடத்துகிறோம். நானும் கம்பஸில் என்னோடு படிக்கிற இரண்டு பேரும். வகுப்பு என்றதும் பெரிதாக எதையும் யோசிக்க வேண்டாம். நான்கு வாங்கு, ஒரு பெரிய பாய், 14 பிள்ளைகள். முதல் நாள் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “உங்கட ஊரைக் கீறுங்கோ.”

14 பேரில் 11 பேர் மலை கீறினார்கள்.

இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன். கதிர்களை அடிமட்டம் வைத்துக் கீறினவர்களும் இருந்தார்கள். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து வளைந்து முன்னுக்கு வருகிறது. ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, வீட்டில் புகைபோக்கி. பக்கத்தில் சாய்ந்த தென்னை. வானத்தில் நாலு பறவை, நாலும் ஒரே மாதிரி.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் தரம் 10இல் நானும் இதே மலையைத்தான் கீறினேன். கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு மேடு என்று தெரிந்தது இரணைமடுக் குளக்கட்டு ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக்காரருக்காவது கீரிமலை என்று பெயரில் ஒரு மலை இருக்கிறது (போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான்). எங்களுக்கு அதுவும் இல்லை. பிறகு இந்த மலை எங்கிருந்து வந்தது? வீட்டில் வந்ததில்லை. முன்பள்ளியில் ஒருவர் கரும்பலகையில் கீறிக் காட்ட, நாங்கள் பார்த்துக் கீறி, அடுத்த வருடம் அடுத்த ரீச்சரும் அதையே கீறி, 10 வருடத்தில் கை தானாகக் கீறப் பழகிவிட்டது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது மலைகூட இல்லை. சித்திர ரியூசன் நடத்துகிற ஒரு சேர் எங்கள் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு சொன்ன வார்த்தை. “உந்தக் குறியீடு கிறியீடு எல்லாம் கம்பஸில போய்ப் படிக்கலாம். ஓ.எல் பிள்ளையள் முதல்ல வடிவாக் கீறப் பழகட்டும். நீங்கள் அதுகளைக் குழப்பாதேங்கோ.” நல்ல மனிசன். அவரிடம் படித்தவர்கள் ஏ எடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வார்த்தையில் இரண்டு பொய் இருக்கிறது. பள்ளியில் குறியீடு படிப்பிக்கிறதில்லை என்பது ஒன்று. வடிவாகக் கீறப் படிப்பிக்கிறார்கள் என்பது மற்றது.

முதலாவதை எடுப்போம். சித்திரப் பாடத்தின் முதலாம் வினாத்தாளுக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்கக் குறியீடுதான். சீகிரியா, தலதா மாளிகை, சந்திரவட்டக்கல், காவற்கல், நடராசர், சாரநாத் சிங்கத்தூண். எங்கள் கொப்பியில் இரண்டு நிரல் போட்டு எழுதியிருந்தோம். இடது பக்கம் பொருள், வலது பக்கம் அது குறிப்பது. தாமரை, தூய்மை. சிங்கம், வீரம். புறா, சமாதானம். பூரண கும்பம், செழிப்பு. பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டியது. கணிதத்தில் சூத்திரம், சித்திரத்தில் குறியீடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிப் பாடமாக்கிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சி நகருக்குப் போங்கள். நகர் நடுவில் 2009க்குப் பிறகு இராணுவம் கட்டிய வெற்றி நினைவுச்சின்னம் நிற்கிறது. சாம்பல் நிறத்தில் பெரிய கற்கட்டி. அதன் பக்கத்தில் ஒரு எறிகணை துளைத்துக்கொண்டு நிற்கிறது. துளைத்த இடத்திலிருந்து வெடிப்புகள். கட்டியின் உச்சியில் ஒரு தாமரை பூத்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு நாளும் அந்தத் தாமரையைக் கடந்துதான் போனேன். கொப்பியில் தாமரை என்றால் தூய்மை என்று எழுதிச் சரி வாங்கியவள் நான். அந்தக் கட்டி யார்? துளைத்தது யாருடைய எறிகணை? அதற்குள்ளிருந்து பூத்தது யாருடைய பூ? இந்த மூன்று கேள்வியையும் ஒரு சித்திர ரீச்சரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடம் சித்திர வகுப்புத்தான். சரித்திர வகுப்பில் கேட்டால் திகதி வரும், சமய வகுப்பில் கேட்டால் தேவாரம் வரும். ஒரு வடிவம் எங்களை என்ன செய்கிறது, எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறது என்று பார்க்கப் பழக்கக்கூடிய பாடம் பள்ளியில் ஒன்றே ஒன்று, அது இது.

அதே நகரில் போரில் விழுந்த நீர்த்தாங்கி பல வருடங்கள் அப்படியே கிடந்தது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். எங்களுக்கு அது தண்ணீர் வராத குழாய். அவர்களுக்கு அது வேறொன்று. ஒரே கொங்கிறீட், இரண்டு பொருள். குறியீடு என்றால் என்ன என்று விளக்க இதைவிட வேறு பாடநூல் வேண்டுமா? விளக்கத்தான் ஆளில்லை.

சந்திரவட்டக்கல்லையே எடுத்தாலும் இதே கதைதான். அநுராதபுரத்துக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் வரிசையாக ஓடுகின்றன. பிறப்பு, மூப்பு, பிணி, சாவு என்று நாங்கள் பாடமாக்கினோம். அது செனரத் பரணவிதான சொன்ன விளக்கம். பெரிய அறிஞர், மதிக்க வேண்டிய விளக்கம். ஆனால் ஓர் ஆள் சொன்ன விளக்கம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மிருகங்களைத் திசைகளோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு என்று கம்பஸுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதைவிடச் சுவாரசியமானது பொலனறுவை. அங்கே எருதைக் காணோம். சைவருக்கு எருது நந்தி, அதைக் காலால் மிதிக்கிற படியில் வைக்கக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள் என்பதுதான் வழமையாகச் சொல்லப்படும் காரணம். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் வேறொரு சமயத்துச் சனம் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு கல்லின் பொருளும் வடிவமும் மாறியிருக்கிறது. குறியீடு அகராதிச் சொல் இல்லை, சனங்களுக்கிடையில் நடக்கிற பேச்சுவார்த்தை என்று இந்த ஒரு கல்லை வைத்தே தரம் 10 பிள்ளைக்கு விளங்கப்படுத்தலாம். நாங்கள் விளங்கப்படுத்துகிறது என்ன? “பொலனறுவைக் காலச் சந்திரவட்டக்கல்லில் இல்லாத விலங்கு யாது?” விடை 3. அடுத்த கேள்வி.

புறாவைப் பற்றியும் கொஞ்சம் எழுதவேண்டும், எனக்கு அதோடு ஒரு சொந்தக் கோபம் இருக்கிறது. சமாதானம் என்று சுவரொட்டிப் போட்டி வைத்தால் 100 பிள்ளை 100 புறா கீறும். வாயில் ஒரு இலை. அது என்ன இலை என்று கேட்டேன். ஒருவன் வேப்பிலை என்றான், ஒருத்தி வெற்றிலை என்றாள். வெற்றிலை என்ற பதில் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எங்களிடத்தில் வெற்றிலை கொடுத்துத்தான் அழைப்பும் சமரசமும். ஆனால் அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை, இலை என்றதும் வாயில் வந்ததைச் சொன்னாள். விவிலியத்தில் நோவாவின் புறா கொண்டுவந்தது ஒலிவ இலை. பிறகு 1949இல் பாரிசில் நடந்த சமாதான மாநாட்டின் சுவரொட்டிக்குப் பிக்காசோவின் புறாப் படம் போனது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பறந்து எங்கள் வாசிகசாலைச் சுவருக்கும் வந்து சேர்ந்தது. ஒலிவ மரத்தை எங்கட ஊரில் ஆர் கண்டது? புறாவை நாங்கள் காண்பது கோயில் கோபுரத்தில். கீழே நின்றால் தலையில் என்ன விழும் என்று எல்லாருக்கும் தெரியும். இரவல் குறியீடு பிழை என்று நான் சொல்ல வரவில்லை. இரவல் என்று தெரிந்து வாங்கவேண்டும். அவ்வளவுதான்.

இனி அந்தச் சேரின் இரண்டாவது பொய். வடிவாகக் கீறப் பழக்குகிறோம் என்பது.

பரீட்சையில் ஒரு பகுதி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். மேசையில் ஒரு மண்பானை, ஒரு போத்தல், இரண்டு மூன்று பழம், பின்னால் துணி வைத்து, பார்த்துக் கீறச் சொல்வது. உண்மையில் அருமையான பயிற்சி. பார்க்கச் சொல்கிற ஒரே வினா. ஆனால் அதற்கும் ரியூசனில் குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். “வெளிச்சம் இடது பக்கத்தால வருது எண்டு வை. வலது பக்கம் நிழல் போடு. பானைக்கு நடுவில ஒரு வெள்ளைப் பொட்டு விடு.” எங்கள் பள்ளியில் யன்னல் வலது பக்கம். வெளிச்சம் வலது பக்கத்தால் கொட்டுகிறது. 30 பிள்ளை தலையைக் குனிந்து இடது பக்க வெளிச்சத்தைக் கீறுகிறது. நானும்தான் கீறினேன். எதிரில் இருக்கிற பானை எனக்கு வெறும் சாட்டு.

மற்றப் பகுதிக்கு ஒரு படத்தைப் பாடமாக்கிக்கொண்டு போவோம். சந்தை ஒன்றைப் பாடமாக்கினால் போதும். பொங்கல் வந்தால் சந்தைக்காரப் பெண்ணின் கையில் அகப்பையைக் கொடுக்கலாம். தேர்த்திருவிழா வந்தால் பின்னால் தேரை நிறுத்தலாம். அதே ஆறு பேர், அதே நிலை, உடுப்பு மட்டும் மாறும். இதற்கு ஏ கிடைக்கும். இதைத்தான் வடிவாகக் கீறுவது என்கிறார்கள்.

எங்கட பேச்சில் படம் வரைகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை, கீறுகிறது என்றுதான் சொல்வோம். முள்ளுக் கீறுவதும் கத்தி கீறுவதும் அதே சொல். அந்தச் சொல்லில் ஒரு காயம் இருக்கிறது என்று நான் ஒருமுறை ஒரு கூட்டத்தில் சொல்லப்போய் எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையில் அதைவிடச் சாதாரணமானது விசயம். கீறுவதற்கு ஒரு மேற்பரப்பு எதிர்த்து நிற்கவேண்டும். வழுக்கிக்கொண்டு போவது கீறலில்லை. அந்த மலைகள் வழுக்கி வந்த மலைகள்.

என் முதலாவது குறியீட்டின் கதையைச் சொல்கிறேன். தரம் 9இல் “எனது ஊர்” என்று ஒரு போட்டி. அந்த முறை நான் மலை கீறவில்லை. எங்கட சந்தியைக் கீறினேன். கடை, அரசமரம், சைக்கிள் திருத்துகிற அண்ணை, சந்தி மூலையில் ஆமியின் காவலரண். மண்மூட்டை, பச்சையும் மண்ணிறமும் பூசின பீப்பாய், எல்லாம் விடாமல் கீறினேன். அரசியல் எதையும் யோசித்து நான் கீறவில்லை. அது அங்கே இருந்தது. ரீச்சர் படத்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு அழிறப்பரை எடுத்துத் தானே அழித்தார். “உது வேண்டாம் பிள்ளை. அந்த இடத்தில ஒரு தென்னைமரம் வை.” வைத்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது.

அவரில் எனக்குக் கோபமில்லை. அவருடைய குடும்பத்தில் காணாமல் போனவர் இருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். அவர் அழித்தது என்னைக் காப்பாற்றத்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது, அந்தத் தென்னை எதற்குப் பதிலாக நிற்கிறது என்று. எனக்கும் ரீச்சருக்கும் தெரியும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்பதுதானே குறியீடு? அப்படியென்றால் அவர் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் முழுப்பாடத்தையும் படிப்பித்துவிட்டார். அதை வாயால் பேசத்தான் இருவராலும் ஏலாமல் போனது.

கம்பஸில் முதலாம் வருடத்தில் சந்திரகுப்த தேனுவரவின் வேலைகளைப் படமாகக் காட்டினார்கள். சிங்கள ஓவியர். 1997இலிருந்து அவர் பீப்பாய்களை வைத்து வேலை செய்தார். சோதனைச்சாவடிகளில் நிற்கிற அதே பீப்பாய், இராணுவ உடுப்பின் நிறம் பூசியது. கொழும்பு முழுக்க அது நின்றது, பழகிப்போய் ஒருவரும் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். அதற்கு “பரலிசம்” என்று பெயரும் வைத்தார். ஒவ்வொரு வருடமும் ஜூலை 23இல் கறுப்பு ஜூலையை நினைத்துக் கண்காட்சி வைக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, கலையைப் பார்த்து இல்லை. என்னுடைய பீப்பாயை அழித்துவிட்டோமே என்று. தெருவில் கிடந்ததைப் பார்த்துக் கீறியதால்தான் அந்த மனிதருக்குக் குறியீடு கிடைத்தது. 14 வயதில் நானும் அதைப் பார்த்திருந்தேன். பார்த்தது சரி என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை.

ஆகவே “முதலில் கீறப் பழகட்டும், பிறகு குறியீடு” என்கிற வரிசையே பிழையானது. பார்த்துக் கீறத் தொடங்கினால் குறியீடு தானாக வந்து மேசையில் உட்காரும். அதைத் துரத்தத்தான் நீங்கள் மினக்கெட வேண்டும்.

எங்கள் வகுப்பில் இது எப்படி நடந்தது என்றும் சொல்லவேண்டும், எங்கட பிழையையும் சேர்த்து. மூன்றாம் கிழமை, வீட்டிலிருந்து ஒரு சாமான் கொண்டுவாங்கோ, எறிய மனமில்லாத சாமான் என்று சொன்னோம். பழைய மணிக்கூடு வந்தது, தண்ணீர்ப் போத்தல் வந்தது, ஒருத்தன் கிரிக்கெட் மட்டையின் பிடியை மட்டும் கொண்டுவந்தான். ஒரு பிள்ளை அலுமினியச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் நெளிந்தது. அடி கறுப்பு. அந்தக் குடும்பம் 2009இல் அதைத் தூக்கிக்கொண்டு மாத்தளன் வரை போய், பிறகு மெனிக்பாம் முகாமில் அதிலேயே சமைத்து, திரும்பி வந்து, இப்போதும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறந்தது அதற்குப் பிறகு. சட்டிதான் அவளுக்கு மூத்தது.

முதல் சனிக்கிழமை அவள் கீறியது ரியூசன் சட்டி. வட்டமான வாய், இடது பக்க வெளிச்சம், நடுவில் வெள்ளைப் பொட்டு. நெளிவைக் காணோம். “நெளிவு எங்க?” என்று கேட்டேன். “அது வடிவில்லை அக்கா.” சரி என்று விட்டேன். இரண்டாம் சனிக்கிழமை படத்தைத் திருத்த வேண்டாம், சட்டியைத் தொட்டுப் பார், நெளிவுக்குள் விரலை விட்டுப் பார் என்று மட்டும் சொன்னோம். கரித்துண்டும் கொடுத்தோம். கரி மலிவு, அடுப்படியில் கிடைக்கும். அன்றைக்கு இரண்டரை மணித்தியாலம் அவள் தலை நிமிரவில்லை. நெளிவை மட்டும் தாளின் நடுவில் பெரிதாகக் கீறியிருந்தாள். சட்டியின் வாய் தாளுக்கு வெளியே போய்விட்டது. பார்க்க ஒரு குளம் வற்றினமாதிரியும் இருந்தது, ஒரு காது மாதிரியும் இருந்தது.

அந்த நேரத்தில் நான் ஒரு பிழை விட்டேன். படித்த பிள்ளை என்ற எண்ணம். “இது எதின்ர குறியீடு?” என்று கேட்டேன்.

அவள் என்னை விளங்காமல் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, இது சட்டி.”

குவேர்னிகாவில் இருக்கிற காளையும் குதிரையும் எவற்றைக் குறிக்கின்றன என்று பிக்காசோவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காளை காளைதான், குதிரை குதிரைதான் என்ற மாதிரி ஒருமுறை சொன்னார். இன்னொருமுறை காளை கொடூரமும் இருளும், குதிரை சனங்கள் என்றும் சொன்னார். 1937இல் ஒரு சிறிய நகரத்தின் மேல் குண்டு போட்டதற்காக ஏழு மீற்றருக்கும் மேல் அகலமான படத்தைக் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகக் கீறிய ஆளுக்கே ஒரே பதிலில் நிற்க விருப்பமில்லை. நான் ஒரு 15 வயதுப் பிள்ளையிடம் ஒரு சொல்லில் விடை கேட்கிறேன். அவள் “இடப்பெயர்வின் குறியீடு” என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும், அந்த நிமிடமே சட்டியும் கொப்பியின் வலது நிரலுக்குள் போய் விழுந்திருக்கும். எங்கட கலை வட்டாரத்துக்கும் இது உறைக்கவேண்டும். கண்காட்சிக் கையேட்டில் “குறியீட்டுத் தளத்தில் இயங்குகிறது” என்று எழுதுகிறோமே, ரியூசன் சேரின் இரண்டு நிரல் கொப்பியைவிட அது எந்த விதத்தில் மேல்?

வடக்கில் இதற்கு வழிகாட்டி இல்லாமலும் இல்லை. தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலைச் செய்தார். வீடிழந்த தமிழர்களையும் முஸ்லிம்களையும் அவர்களுடைய வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொல்லிச் சேர்த்தது. அவர்கள் ஓவியர்கள் இல்லை. கோடு நேராக வராது. ஆனால் கிணறு எங்கே, மாமரம் எங்கே, எந்தக் கதவால் போனால் குசினி என்று கை நினைவு வைத்திருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஒருவன் “இதுக்கு எத்தனை மாக்ஸ் வரும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதேபோல யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு. எத்தனையோ பேருக்குக் கீறப் பழக்கிய மனிதர், இடப்பெயர்விலும் போரிலும் தன் படங்களில் பெரும்பகுதியை இழந்தவர். மோனாலிசாவைக் கீறியது யார் என்று எனக்குத் தரம் 7இலேயே தெரியும். மாற்கு என்ற பெயரைக் கம்பஸுக்கு வரும்வரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

இனிப் பயத்தைப் பற்றி. இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நான் கள்ளி.

2024இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இல்லமொன்றைக் கார்த்திகைப்பூ வடிவில் சோடித்ததற்காகப் பொலிஸ் விசாரணை நடந்தது. அதே வருடம் மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. சிரட்டையில் ஊற்றிய கஞ்சி. இந்த நாட்டில் குறியீட்டை ஒழுங்காகப் படித்த ஒரே திணைக்களம் பொலிஸ் திணைக்களம்தான் போலிருக்கிறது. ஒரு பூ பூ மட்டுமில்லை, கஞ்சி கஞ்சி மட்டுமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கல்வித் திணைக்களத்துக்குத்தான் இன்னும் தாமரை என்றால் தூய்மை.

அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளுக்குக் குறியீடு சொல்லிக்கொடுப்பது அவர்களை வம்பில் மாட்டிவிடும் என்று அம்மாமார் சொல்கிறார்கள். எனக்கும் பயம்தான். வகுப்பில் கீறிய படங்களை நாங்கள் பேஸ்புக்கில் போடுவதில்லை, பிள்ளைகளின் பெயர் எங்கேயும் எழுதுவதில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் நண்பர்களும் உண்டு, அவர்களில் பலர் கனடாவில் இருக்கிறார்கள். ஆனால் பயம் இருக்கிறது என்பது படிப்பிக்காமல் விட ஒரு காரணமில்லை. அந்த இல்லச் சோடனையைச் செய்த பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் பேச ஒரு வகுப்பறை கிடைத்திருந்தால், ஏன் செய்கிறோம், யார் பார்ப்பார்கள், அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று முதலிலேயே யோசித்திருப்பார்கள். செய்தும் இருக்கலாம், செய்யாமல் விட்டும் இருக்கலாம். அது அவர்களுடைய முடிவாக இருந்திருக்கும். குறியீடு தெரியாத பிள்ளைக்கு ஆபத்துக் குறைவு என்பது பொய். தெரியாத பிள்ளையை யாரும் எந்தக் கொடிக்குக் கீழும் நிறுத்தலாம், எங்கட ஆக்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை. தரம் 9 வரை எல்லாப் பிள்ளையும் ஏதோ ஒரு அழகியல் பாடம் எடுக்கத்தான் வேண்டும், ஆகவே பாடவேளை இருக்கிறது. அதைப் பரீட்சை வரும்போது கணித சேருக்குக் கொடுத்துவிடாமல் இருந்தால் போதும். தவணைக்கு ஒரு தடவையாவது எதிரில் இருக்கிற ஒன்றை, தாள் தீரும்வரை, அழிறப்பர் இல்லாமல் கீற விடுங்கள். கொப்பியின் வலது நிரலைக் கொஞ்சக் காலம் வெறுமையாக விடுங்கள். நினைவுச்சின்னத்தைப் பார்த்துக் கீறக் கூட்டிக்கொண்டு போக ஏலாது, அது எனக்கும் தெரியும். கோயில் வாசலில் நிற்கும் வாழையைக் கீறலாம். செத்த வீட்டுத் தோரணத்தையும் கலியாண வீட்டுத் தோரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கீறிப் பார்க்கலாம். ஒரே ஓலை, ஏன் கட்டுகிற விதம் வேறு? மாறிக் கட்டினால் ஏன் கிழவிமார் பேசுகிறார்கள்? இதற்கு வினாத்தாள் தேவையில்லை. எங்கட அம்மம்மாமாரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னால் ஒரு கிழமைக்குப் போதுமான சண்டை வகுப்புக்குள் வரும்.

அம்மம்மா என்றதும் அந்த மலைக்குத் திரும்பவும் வரவேண்டியிருக்கிறது. ஏழெட்டுக் கிழமை போக 10 பேர் மலையை விட்டுவிட்டார்கள். வேலி வந்தது, படங்கு வந்தது, ஏ9 வீதி கூட வந்தது. ஒருவன் மட்டும் விடவில்லை. எதைக் கீறச் சொன்னாலும் பின்னால் மலை. எனக்கு எரிச்சல். ஒரு நாள் கேட்டேவிட்டேன்: “தம்பி, கிளிநொச்சியில எங்கயடா மலை?”

“அம்மம்மாவின்ர மலை அக்கா,” என்றான். அவனுடைய அம்மம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் வன்னிக்கு வந்தது. இங்கே அப்படி வந்த குடும்பங்கள் எத்தனையோ. நான் அதே ஊர், அதே பள்ளிக்கூடம், எனக்கு அது தோன்றவேயில்லை. அவன் மலையைக் கண்டதில்லை. படம் பார்த்துக் கீறவும் இல்லை. கிழவி சொல்லச் சொல்லக் கீறியிருக்கிறான். கிட்டப் பார்த்தால் அவனுடைய மலையில் சூரியன் இல்லை, அடிமட்டக் கதிர் இல்லை. பக்கவாட்டில் சின்னச் சின்னக் கோடுகள். நான் அதை இவ்வளவு நாளும் நிழல் என்று நினைத்திருந்தேன். அது லயன் வரிசை.

“மலைக்கு என்ன கலர் அக்கா அடிக்கிறது?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது, அம்மம்மாவைக் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.